பஸ் எங்கே நேரத்தைத் தொலைக்கிறது?

நகரத்துக்குள் பஸ்ஸுக்கென்று தனித் தடம், பஸ்ஸின் தரைமட்டத்துக்கு உயர்த்திய மேடை, ஏறுவதற்கு முன்பே டிக்கெட். பி.ஆர்.டி. எனப்படும் விரைவு பஸ் தடத்தைப் பற்றிப் போன இதழில் நான் எழுதியதன் சாரம் இவ்வளவுதான். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. பாதிப் பேர் பாராட்டியிருக்கிறார்கள், பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். திட்டியவர்களின் கேள்விகள்தான் கூர்மையாக இருந்தன என்பதால் அவர்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தனித் தடம் போட்டுவிட்டால் பஸ் தானாகவே வேகமாகப் போகும். அதற்கு எதற்கு இத்தனை வருடத் திட்டம், ஆய்வு?

பதில்: நான் ஐயா இல்லை, அம்மா. இந்தத் துறையில் பழகிப்போன தவறு, போகட்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்குக் கொடுத்தது ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு பரீட்சை அட்டை, நூலில் கட்டிய பென்சில். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வண்டி நிற்கும்போதெல்லாம் எதற்காக நின்றது, எத்தனை விநாடி நின்றது என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் எழுதிக் கூட்டிப் பார்த்தால், காலை நெரிசலில் பயண நேரத்தில் கிட்டத்தட்ட பாதி, பஸ்ஸின் சக்கரம் சுழலவே இல்லை. நிறுத்தத்தில் நின்றது, சிக்னலில் நின்றது, அல்லது முன்னால் நிற்கும் பஸ் நகரட்டும் என்று நின்றது.

அந்த அட்டையில் ஒரு வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு பாட்டி ஏறினார். முதலில் பையைத் தூக்கி மேல்படியில் வைத்தார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தார். ஒரு கால், ஒரு மூச்சு, அடுத்த கால். பின்னால் நின்ற பையன் முழங்கையைத் தாங்கினான். உள்ளே வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை தேடினார். 22 விநாடி. எனக்குப் பாட்டி மேல்தான் எரிச்சல் வந்தது. சாயங்காலம் கணக்குப் போடும்போதுதான் உறைத்தது: எரிச்சல் வர வேண்டியது அந்த மூன்று படிகள் மேல், வாசலிலேயே காசு வாங்கும் முறை மேல்.

ஒரே வாசல், படிகள், ஏறும்போதே டிக்கெட் என்றால் ஓர் ஆளுக்கு 3, 4 விநாடி ஆகிவிடும். 20 பேர் ஏற ஒரு நிமிடத்துக்கு மேல். அதே 20 பேர் வெளியிலேயே டிக்கெட் எடுத்துவிட்டு, பஸ் தரையும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்க, மூன்று அகல வாசல்களில் பிரிந்து ஏறினால் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். தடம் போடுவது சுலபம். மேடை, வாசல், டிக்கெட், சிக்னல் நான்கும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். வருடங்கள் அதில்தான் போகின்றன.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-லேயே தனித் தடத்தில் பஸ் விட்டது. ஆனால் உலகமே போய் எட்டிப் பார்த்த அந்தக் கண்ணாடிக் குழாய் நிலையங்கள் 1991-ல்தான் வந்தன. குழாய்க்குள் நுழையும்போதே டிக்கெட்; பஸ் வந்து நின்றால் வாசலிலிருந்து ஒரு பலகை மேடை மேல் விழும்; நடந்து உள்ளே போக வேண்டியதுதான். அந்தத் திட்டங்களுக்குப் பின்னால் நின்ற மேயர் ஜைமே லெர்னர் கட்டடக் கலைஞர். வாசலைப் பற்றி அவ்வளவு யோசித்ததில் ஆச்சரியமில்லை.

கேள்வி: தடத்தை ஏன் சாலையின் நடுவில் போடுகிறீர்கள்? ஓரத்தில் போட்டால் நடைபாதையிலிருந்து நேராக ஏறலாமே. நடுச்சாலைக்குப் போய் நிற்பதற்குள் உயிர் போகிறது.

பதில்: ஓரத்தில் போட்டுப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு ஒரு சரக்கு வண்டி, “இரண்டே நிமிடம்” என்று நிற்கும். அதற்கு முன்னால் ஒரு டாக்சி. அடுத்த சந்திலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டும். ஒவ்வொரு வீட்டு வாசலும், ஒவ்வொரு சந்தும் பஸ்ஸைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். நடுவில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. போகிற பஸ், வருகிற பஸ் இரண்டுக்கும் ஒரே நிலையம் போதும் என்பது கூடுதல் வசதி.

இதில் ஒரு வேடிக்கை. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் 2007-ல் நெடுஞ்சாலையின் நடுவே மெட்ரோபஸ் என்ற விரைவு பஸ் சேவையைத் தொடங்கினார்கள். நிலையம் நடுவில், ஆனால் அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் வழக்கமான பஸ்ஸின் வாசலோ வலப்பக்கம். என்ன செய்வது? பஸ் தடத்தில் மட்டும் போக்குவரத்தைத் திசை மாற்றி, எதிர்ப்பக்கமாக ஓட்டினார்கள். வாசல் மேடைப் பக்கம் வந்துவிட்டது. கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும், ஆனால் ஓடுகிறது.

உயிர் போகிறது என்கிறீர்களே, அது நியாயமான புகார். அதற்குக் கீழே தனியாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நெரிசலில் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது பக்கத்தில் பஸ் தடம் காலியாகக் கிடக்கிறது. வயிறு எரிகிறது. அதைத் திறந்துவிட்டால் என்ன?

பதில்: காலியாகத் தெரிவதால்தான் அது வேலை செய்கிறது. சின்னக் கணக்கு. பஸ் நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் 70 பேர் என்று வையுங்கள். மணிக்கு 4,200 பேர் போய்விட்டார்கள். 12 மீட்டர் நீளப் பஸ் உங்கள் கார் ஜன்னலைக் கடக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகாது. மிச்சம் 58 விநாடி உங்கள் கண்ணுக்குத் தடம் காலிதான். உங்கள் பக்கத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஒரு தடத்தில் மணிக்கு 800 கார் போனாலே பெரிது. ஒரு காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் 1,200 பேர்.

அதைத் திறந்துவிட்டால் இரண்டு நாள் நிம்மதியாக இருக்கும். மூன்றாம் நாள் அதுவும் நிரம்பி, பஸ்ஸும் உங்களோடு சேர்ந்து தவிக்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் உங்கள் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. தடத்தைக் கட்டிவிட்டுப் பஸ் வாங்காமல் விடும் நகரங்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கின்றன.

கேள்வி: ஆம்புலன்ஸ் போகலாமா? மோட்டார் சைக்கிள்?

பதில்: ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி தாராளமாகப் போகலாம். மோட்டார் சைக்கிள் கூடாது. “நான் ஒருத்தன்தானே” என்று சொல்பவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: டெல்லியில் கட்டி, பிறகு இடித்தே விட்டார்களே. அதற்கு என்ன சொல்கிறீர்கள், மேடம்?

பதில்: இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பதினொன்றில் இது இருந்தது.

அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கினார்கள். 2012-ல் எதிர்த்துப் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருந்தும் 2015-ல் அரசு கைவிட முடிவெடுத்து, அப்புறம் இடித்தும் விட்டார்கள்.

கார்க்காரர்கள் எதிர்த்ததால் செத்தது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி எங்களுடையது. முதலாவது, நிலையங்களைச் சந்திப்புக்குப் பக்கத்திலேயே, நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் வைத்தார்கள். முன்னால் உள்ள பஸ் சிவப்பு விளக்குக்கு நிற்கிறது. அதன் பின்னால் உள்ள பஸ் ஆள் ஏற்ற மேடைக்கு வர முடியாமல் நிற்கிறது. விளக்கு பச்சையாகி முன்னது போனபிறகுதான் பின்னது மேடைக்கு வந்து ஆள் ஏற்றுகிறது. பச்சை விளக்கு வீண். நிலையத்தைச் சந்திப்பிலிருந்து 40, 50 மீட்டராவது தள்ளி வை என்பது இன்று எங்கள் பாலபாடம். இரண்டாவது, எல்லா வகைப் பஸ்ஸும் தடத்துக்குள் வரலாம். படிக்கட்டு வைத்த பழைய பஸ் ஒன்று நின்றால் பின்னால் வரிசையே நிற்கும். மூன்றாவது, 5.8 கிலோமீட்டர் என்பது யாருடைய பயணத்துக்கும் போதாது. மிச்சப்படுத்திய சில நிமிடங்களைத் தடம் முடிந்த மறுநிமிடமே நெரிசலில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அகமதாபாத் 2009-ல் தொடங்கியபோது வேறு வழியில் போனது. முதல் துண்டே 12.5 கிலோமீட்டர். தடத்துக்கென்றே வாங்கிய பஸ், உயர மேடை, நடுவில் மூடிய நிலையம், வெளியில் டிக்கெட். அதிலும் குறைகள் உண்டு, ஆனால் பயணிகளுக்கு முதல் நாளே ‘இது வேறு சமாசாரம்’ என்று தெரிந்துவிட்டது.

சரி, வெளிப்பஸ் எதையும் உள்ளே விடாமல் அடைத்துவிடுவதுதான் சரியா என்றால், அதுவும் இல்லை. சீனாவின் குவாங்சோ 2010-ல் 22.5 கிலோமீட்டர் தடம் திறந்தது. அங்கே பல வழித்தடப் பஸ்கள் தடத்துக்குள் வந்து சேர்ந்து, பிறகு பிரிந்து தங்கள் பேட்டைக்குப் போய்விடுகின்றன. பயணி இறங்கி மாறவேண்டியதில்லை. ஆனால் அதற்காக 200 மீட்டருக்கும் மேல் நீளமான நிலையங்கள் கட்டினார்கள். நிற்கும் பஸ்ஸை இன்னொன்று தாண்டிப் போகக் கூடுதல் தடமும் வைத்தார்கள். கதவைத் திறந்துவிட்டால் கூடத்தையும் பெரிதாகக் கட்டவேண்டும்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்கு மெட்ரோ ரயிலே கட்டிவிடலாமே?

பதில்: கட்டுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? கூட்டத்தைப் பொறுத்தது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ என்ற விரைவு பஸ் சேவை, நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. பல மெட்ரோக்கள் அதைத் தொட்டதில்லை. ஆனால் அதற்கு நிலையங்களில் ஒரு திசைக்கு இரண்டு தடம் வேண்டும். பஸ்களும் பெட்டியோடு பெட்டி இணைத்த நீளப் பஸ்கள். அந்த அளவுக்கு வந்தபின் பொகோட்டாப் பயணிகள் நசுங்கித்தான் போகிறார்கள். கனடாவின் ஒட்டாவா 1983-ல் பஸ்ஸுக்குத் தனி வழி போட்டு, பல வருடம் ஓட்டி, கூட்டம் தாங்காமல் 2019-ல் முக்கியப் பகுதியை ரயிலாக்கியது. அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். முப்பத்தைந்து வருடம் நகரத்தைச் சுமந்திருக்கிறது.

கேள்வி: பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் ரோடு அலை அலையாகக் குழிந்து கிடக்கிறது. கான்ட்ராக்டர் சாப்பிட்டுவிட்டார் என்கிறார்கள். அப்படியா?

பதில்: அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்த அலைக்குக் காரணம் பெரும்பாலும் தார். ஒவ்வொரு பஸ்ஸும் அதே இடத்தில், அதே சக்கரத்தால், பிரேக் போட்டு அழுத்துகிறது. வெயிலில் தார் இளகி, சக்கரம் தள்ளும் திசையில் மெல்ல நகர்கிறது. சாதாரணச் சாலையில் வண்டிகள் கொஞ்சம் இப்படியும் அப்படியும் போகும். பஸ் தடத்தில் எல்லாச் சக்கரமும் ஒரே கோட்டில். அதனால் நிலையத்தில் கான்கிரீட் போட வேண்டும்.

கான்கிரீட்டும் அடியில் உள்ளதைப் பொறுத்ததுதான். பொகோட்டாவில் திறந்து சில வருடங்களிலேயே கான்கிரீட் பலகைகள் வெடித்தன. அடியில் நிரப்பிய கலவை அந்தச் சுமைக்கும் நீருக்கும் ஈடுகொடுக்கவில்லை. திருத்தவே பெரும் செலவு. தான்சானியாவின் தார் எஸ் சலாமில் 2016-ல் ஓடத் தொடங்கிய சேவைக்கு டெப்போவை ஆற்றின் வெள்ளப் பள்ளத்தில் கட்டிவிட்டார்கள். பெருமழை வந்தால் டெப்போ தண்ணீரில். மழைக்காலத்தில் ஒருமுறை அந்த நிலத்தில் நின்று பார்த்திருந்தால் போதும்.

கேள்வி: சாலையோரம் சிறு கடை வைத்திருக்கிறேன். வேலை தொடங்கி வருடக்கணக்கில் பள்ளம் தோண்டிப் போட்டால் நான் என்ன ஆவது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் கையில் இருந்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். சாலைக்கு அடியில் குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அதை நம்பி மேடைக்கு அஸ்திவாரம் தோண்டினோம். வரைபடத்தில் இருந்ததற்கு இரண்டு மீட்டர் தள்ளிக் குழாய் இருந்தது. உடைந்து, தெருவெல்லாம் வெள்ளம். அப்புறம் குழாயை மாற்ற அனுமதி, அனுமதிக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு தேதி. எதிரே இருந்த கடைகளின் முன்னால் அந்தப் பள்ளம் ஐந்து மாதம் கிடந்தது. எங்கள் தவறுதான். வரைபடத்தை நம்பாமல், வேலை தொடங்கும் முன்பே ஐம்பது மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி தோண்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டம் என்று போட்டால் தவறாமல் போங்கள். “எப்போது முடியும்” என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு தேதி சொல்லி அனுப்பிவிடுவார்கள். “சோதனைக் குழி தோண்டினீர்களா, என் கடை முன்னால் ஒரே நேரத்தில் எத்தனை மீட்டர் திறந்திருக்கும், என் வாசலுக்கு நடைபாதை யார் போடுவார்கள்” என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் சக்கர நாற்காலியில் செல்பவள். சாலை நடுவில் இருக்கும் நிலையத்துக்கு அவள் எப்படிப் போவாள்?

பதில்: தரையோடு தரையாகப் போகவேண்டும். நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சரிவு 1-க்கு 12 என்று வைத்தாலே, 6 மீட்டர் உயரத்துக்கு 72 மீட்டர் சரிவு தேவை. இறங்க இன்னொரு 72. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் 2004-ல் விரைவு பஸ் தொடங்கியபோது பல நிலையங்களுக்கு இப்படித்தான் நீண்ட பாலங்கள் வழியாகப் போகவேண்டியிருந்தது. நல்ல காலுள்ளவர்களுக்கே அலுப்பு. சாலையைக் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட்டு, கார்களைத்தான் ஏறி இறங்க விடவேண்டும்; நிலைய மேடைக்கு மட்டும் சின்னச் சரிவு. மேலே உயிர் போகிறது என்று எழுதியவருக்கும் இதுதான் பதில்.

அடுத்தது மேடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி. உள்ளங்கை அகலத்துக்கு மேல் போனால் முன்சக்கரம் மாட்டும். இதை டிரைவர்களை வைத்துத்தான் சரிசெய்ய முடியும். நாங்கள் டெப்போவில் பிளைவுட்டால் ஒரு பொய் மேடை செய்து ஒத்திகை விட்டோம். முதல் நாள் ஆளாளுக்கு ஓர் அடி தள்ளி நிறுத்தினார்கள். மேடையில் இடித்துவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். மூத்த டிரைவர் ஒருவர் வந்து, “மேடம், விளிம்புல ஒரு ரப்பர் பட்டை அடிச்சுடுங்க. டயர் அதை உரசுற சத்தம் கேட்டா சரியா நிக்குதுன்னு அர்த்தம். கண்ணால பாக்க முடியாததைக் காதால கேட்டுக்கறோம்” என்றார். அடித்தோம். இரண்டாம் நாளே எல்லாரும் உரசி நிறுத்தினார்கள். உரசினால் தண்டனை இல்லை என்று எழுத்தில் கொடுத்ததும் ஒரு காரணம்.

கேள்வி: ஏற்கெனவே அந்தத் தடத்தில் மினிபஸ் ஓட்டிப் பிழைப்பவர்கள் கதி?

பதில்: அவர்களை விட்டுவிட்டுத் தொடங்கினால் முதல் நாளே சாலை மறியல்தான். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 2009-ல் ரேயா வாயா என்ற விரைவு பஸ் சேவை தொடங்கியபோது மினிபஸ் டாக்சிக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பேசிப் பேசி, அவர்களில் ஒரு பகுதியினர் பஸ்ஸை ஓட்டும் கம்பெனியிலேயே பங்குதாரர்கள் ஆனார்கள். எளிதில் நடந்ததல்ல. ஆனால் சிமெண்ட் வாங்கும் முன்பே தொடங்கவேண்டிய பேச்சு அது.

கேள்வி: அரை மணி காத்திருந்தால் மூன்று பஸ் சேர்ந்து வருகிறது. டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்களா?

பதில்: பேசி வைத்தால்கூட அவ்வளவு கச்சிதமாக வராது. முதல் பஸ் ஒரு நிமிடம் பிந்தினால் நிறுத்தத்தில் கூடுதல் ஆள் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்ற அது மேலும் பிந்தும். பின்னால் வருவதற்கு ஆளே இல்லை, அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஏறும் நேரத்தைக் குறைத்தால் இந்த நோயும் குறையும். பிறகும் ஒட்டினால், பின்னதை ஒரு நிலையத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கவேண்டும். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள்.

கேள்வி: கல்லூரியில் சிவில் படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர ஆசை. எந்த சாஃப்ட்வேர் முதலில் கற்றுக்கொள்ள, மேடம்?

பதில்: சாஃப்ட்வேர் அப்புறம், கண்ணு. உன் போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை கூட்டமான ஒரு நிறுத்தத்தில் நில். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஐந்து நேரம் குறித்துக்கொள்: வந்து நின்றது, கதவு திறந்தது, கடைசி ஆள் ஏறியது, கதவு மூடியது, வண்டி நகர்ந்தது. கதவு மூடிய பிறகும் நகராமல் நின்றால், எதற்காக என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுது. ஐந்து நாள் எழுதிவிட்டு அந்தத் தாளைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. மழை பெய்த நாளில் எழுதிய தாள் இருந்தால் அதை மேலே வை.